சுத்தியல் தலைப் பறவையைப் பார்ப்பதும் படமெடுப்பதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டப் பகுதிகளிலும் வாழும் நம்மில் பெரும்பாலோர் ஹாமர்கோப் பறவையைப் பலமுறை பார்த்திருப்போம். மழை விட்ட மறுநாள் மண்சாலைக் குட்டையில் தனியாக நின்று எதையோ காலால் துழாவிக்கொண்டிருக்கும் பழுப்புப் பறவையை ‘ஹடிடா’ என்ற அரிவாள் மூக்கன் என்று எண்ணி வண்டியை நிறுத்தாமல் கடந்து போயிருப்போம். ஹடிடாவின் அலகு அரிவாளைப் போல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இறக்கையில் பச்சை மினுமினுப்பு தெரியும். அதன் கூச்சல் தெருவையே எழுப்பிவிடும். ஹாமர்கோப்போ தனியாக இருக்கும்போது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அதன் அலகு நேரானது. தலைக்குப் பின்னால் ஒரு கொண்டை நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் அலகும் பின்னால் கொண்டையுமாகப் பக்கவாட்டில் பார்த்தால் தச்சரின் சுத்தியல் ஒன்றைக் கழுத்தில் பொருத்தியது போலிருக்கும். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘ஹாமர்’ என்றால் சுத்தியல், ‘கோப்’ என்றால் தலை.

இந்தியாவில் இப்பறவை இல்லாததால் தமிழில் இதற்கு மரபான பெயர் கிடையாது. கொக்கு, நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா என்று நீர்ப்பறவைகளுக்கு இத்தனை பெயர் வைத்த மொழி இதைப் பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்காது. நான் சுத்தியல் தலையன் என்றே எழுதி வருகிறேன். ஜூலு மக்கள் இதை உதெக்வானே என்கிறார்கள். டர்பனின் ஜூலுப் பெயரான ஈதெக்வினியும் இதுவும் காதுக்கு ஒன்றுபோல் ஒலித்தாலும், நகரத்தின் பெயர் விரிகுடாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ள வேண்டாம்.

படமெடுக்கப் புறப்படுவதற்கு முன் இப்பறவையின் உறவுமுறையைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. எதைக் கவனிக்க வேண்டும் என்பது அதிலிருந்தே விளங்கும். இதன் குடும்பத்தில் இது ஒன்றே ஒன்றுதான். உடன்பிறந்த இனம் என்று வேறெதுவும் உயிரோடு இல்லை. நீண்ட காலம் இதை நாரைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு, நடு ஆப்பிரிக்கச் சதுப்புகளில் வாழும் செருப்பலகு நாரையும் கூழைக்கடாக்களுமே இதற்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. நடுவிரல் நகத்தில் கொக்குகளுக்கு இருப்பது போன்ற சீப்புப் பற்கள் உண்டு. விரல்களுக்கிடையே பாதியளவு சவ்வும் உண்டு. உடல் நீளம் ஏறக்குறைய 56 சென்டிமீட்டர், எடை அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், படத்தின் கீழ் ‘ஆண்’, ‘பெண்’ என்று எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கேமராவை எடுத்துச் செல்லாதீர்கள் என்பதே நான் தரும் முதல் அறிவுரை. பலருக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் இப்பறவையின் விந்தை அதன் தலையில் மட்டும் இல்லை, அது செய்யும் வேலையில் இருக்கிறது. வேலையின் வரிசை தெரியாதவருக்குக் கிடைப்பதெல்லாம் சுத்தியல் வடிவத் தலை ஒன்றின் ஒரே மாதிரியான இருபது படங்கள்தான். ஒரு பைனாகுலரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கொக்கு ஒற்றைக் காலில் தவமிருந்து மீன் வரும்வரை காத்திருக்கும். சுத்தியல் தலையனுக்கு அந்தப் பொறுமை இல்லை. கணுக்கால் அளவு நீரில் நடந்துகொண்டே ஒரு காலை முன்னால் நீட்டிச் சேற்றை நடுக்கத்தோடு கலக்கும்; கலங்கிய நீரிலிருந்து வெளியேறும் தவளை, தலைப்பிரட்டை, சிறுமீன், இறால் ஆகியவற்றைக் கொத்தும்; இரண்டடி நகர்ந்து மீண்டும் கலக்கும். நகம் முளைத்த பின்கால்களைக் கொண்ட பிளாட்டானா தவளைகளே இந்நாட்டில் இதன் விருப்ப உணவு. சில சமயம் நீரின் மேல் மெதுவாகத் தாழப் பறந்தபடியே தலைப்பிரட்டைகளை அள்ளிக்கொள்வதையும் காணலாம்.

இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒரு நொடி முன்னதாகவே ஊகிக்க முடியும். கால் கலக்குவது நின்று, தலை சற்றே சாய்ந்து, ஒரு கண் நீரை நோக்கித் திரும்பினால் அடுத்த கணம் கொத்து விழும். ஷட்டரை அப்போது அழுத்தத் தொடங்க வேண்டும். தவளை அலகில் தெரிந்த பிறகு அழுத்தினால் அது தொண்டைக்குள் போய்விட்டிருக்கும்.

எங்கே தேடுவது என்றால், பெரிய ஏரிகளை விட ஆழமில்லாத சிறு நீர்நிலைகளே இதற்கு உகந்தவை. கரும்பு வயல்களுக்கு நடுவே உள்ள, நாம் ‘டேம்’ என்றே அழைக்கும் பாசனக் குளங்கள், வெருலம் பக்கம் ம்டுலோட்டி ஆற்றின் கரையோரங்கள், ஹேசல்மியர் அணையின் ஆழமற்ற ஓரங்கள், சாட்ஸ்வர்த்தை அடுத்து ஓடும் உம்லட்டுசானா ஆற்றின் பாறைத் திட்டுகள் ஆகியவற்றில் கண்ணை ஓட்டுங்கள். உம்கேனி ஆற்று முகத்துவாரத்திற்குப் போனால் இது கிடைக்காவிட்டாலும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் ஏமாற்றத்தைத் தீர்த்துவைக்கக்கூடும். மே முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களில் குளங்கள் சுருங்கி இரை ஒரே இடத்தில் சேர்வதால், பறவையும் அந்த இடத்தை விட்டு அகலாது. கோடை மழைக்காலத்தில் எங்கு பார்த்தாலும் குட்டைதான். பறவையும் எங்கு வேண்டுமானாலும் இருக்கும், பள்ளிக்கூடக் கால்பந்துத் திடல் உட்பட.

பாதுகாப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். ஆற்று முகத்துவாரங்களுக்கும் ஒதுக்குப்புறக் கரைகளுக்கும் விலை உயர்ந்த கேமராவோடு தனியாகப் போகாதீர்கள். இருவர் மூவராகச் செல்லுங்கள், நடக்கும்போது கேமரா பைக்குள் இருக்கட்டும். டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தின் நன்னீரில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோயைப் பரப்பும் நத்தைகள் இருப்பதால், தாழ்ந்த கோணத்திற்காக வெறுங்காலோடு குளத்தில் இறங்கி மண்டியிடுவது புத்திசாலித்தனமில்லை. கரையில் பழைய ரப்பர் விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொண்டால் அதே கோணம் கிடைக்கும். செயின்ட் லூசியா போன்ற வடபகுதிகளில் முதலையும் நீர்யானையும் இருப்பதால் நீர் விளிம்பில் படுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே வாகனத்திலிருந்தோ படகிலிருந்தோ மட்டும் எடுங்கள். நீர்யானையின் முதுகையே மேடையாக்கிக்கொண்டு மீன் தேடும் சுத்தியல் தலையன் கண்ணில் பட்டால் அந்தப் படத்திற்காகத் தாழ்ந்த கோணத்தை விட்டுக்கொடுப்பதில் நட்டமில்லை.

வாகனமே மிகச் சிறந்த மறைவிடம். மனிதன் நடந்து வந்தால் எழுந்து பறக்கும் பறவை, இயந்திரத்தை அணைத்து நிற்கும் காரைப் பல நேரங்களில் பொருட்படுத்துவதில்லை. கண்ணாடியை முக்கால் பங்கு இறக்கி, அதன் மேல் ஒரு தலையணை உறையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டி வைத்து, லென்ஸை அதில் சாய்த்தால் முக்காலியே தேவையில்லை. கடையில் விற்கும் பைகளை விட வீட்டு அரிசி மூட்டை நன்றாகவே வேலை செய்கிறது. மழையில் நனைந்த அரிசியை மட்டும் உடனே வெளியே கொட்டிவிடுங்கள். ஒருமுறை மறந்துபோய் ஒரு வாரம் காரை ஊறிய மாவு நாற்றத்தோடு ஓட்டினேன்.

இனி ஒளி. தமிழ்நாட்டில் கேமரா பழகிவிட்டு இங்கே வந்தவர்கள் முதலில் தடுமாறுவது திசையில்தான். டர்பன் மகர ரேகைக்கும் தெற்கே இருப்பதால் ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் வடக்கிலேயே நிற்கும்; எனவே குளத்தின் வடகரையில் நின்று தெற்கு நோக்கி எடுத்தால்தான் ஒளி உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவையின் மேல் விழும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், ஏழு மணிக்கெல்லாம் ஒளி கடுமையாகத் தொடங்கும். ஜூனில் ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் எழும், ஐந்து மணிக்கெல்லாம் விழுந்துவிடும். ஆனால் நாள் முழுவதும் சாய்வாகவே இருப்பதால் பத்து மணிக்குக்கூட நல்ல படம் எடுக்கலாம். அறுவடைக் காலத்தில் கரும்பு எரிக்கும் நாள்களில் மாலை ஒளி தங்க நிறத்தில் பரவுவது கண்ணுக்கு அழகுதான். அதே காற்றில் மிதந்து வரும் கரித்தூள் லென்ஸில் படிவதால், அப்போது வெளியில் லென்ஸ் மாற்ற வேண்டாம்.

இப்பறவையின் நிறம்தான் படமெடுப்பவரின் பெரும் சோதனை. உச்சி முதல் வால் வரை ஒரே பழுப்பு, அலகும் காலும் கறுப்பு, கண்ணும் கரும்பழுப்பு. என் முதல் ஆண்டுப் படங்களை இன்று எடுத்துப் பார்த்தால் பளபளக்கும் நீரில் யாரோ கரிக்கட்டையை நட்டு வைத்தது போலிருக்கிறது. காரணம் எளிது: கேமராவின் ஒளி அளவி காட்சி முழுவதையும் சராசரியாக்குகிறது, பிரகாசமான நீர் பெரும்பகுதியை நிறைத்திருந்தால் அது ஒளியைக் குறைத்துவிடும், பறவை கறுத்துவிடும். அத்தகைய பின்னணியில் கேமரா தானாகத் தேர்ந்த ஒளியளவைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் ஈடுகட்டலை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். மாறாக, நிழலான கரையின் முன் பறவை படச்சட்டத்தை நிறைத்து நின்றால் அளவி அதைத் தேவைக்கு மேல் வெளுக்க வைக்கும், அப்போது −0.3 முதல் −0.7 வரை இறக்க வேண்டும். அடிக்கடி இடம் மாறும் பறவைக்கு இதை ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருப்பது தலைவலி என்பதால், பறவை நிற்கும் அதே ஒளியில் உள்ள புல்லின் மேல் அளந்து, மேனுவல் முறையில் பூட்டிவிடுவதையே நான் விரும்புகிறேன். மேகம் மெல்லியதாக மூடிய நாளைத் தவறவிடாதீர்கள். வெயிலில் ஒட்டுமொத்தப் பழுப்பாகத் தெரியும் இறகில் சாக்லேட், இலவங்கப்பட்டை, மெல்லிய ஊதாப் பளபளப்பு என்று பல சாயல்கள் அன்றுதான் வெளிப்படும். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமித்தால் நிழல் விவரங்களைப் பிறகு மீட்க இடமிருக்கும்.

கரிய முகத்தில் கரிய கண் என்பதால், கண்ணில் ஓர் ஒளிப்புள்ளி விழாத வரை தலை உயிரற்ற கட்டையாகவே தெரியும். பறவை உங்கள் பக்கம் சிறிது தலை திருப்பி, திறந்த வானம் அதன் கண்ணில் பிரதிபலிக்கும் கணம் வரை பொறுத்திருங்கள். ஃபோகஸ் புள்ளி கண்ணின் மேல் இருக்கட்டும். பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் புதிய கேமராக்கள் கூட இந்தக் கருமையில் குழம்பி அலகின் நுனியைப் பிடித்துக்கொள்வதுண்டு. அப்போது ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறிவிடுவது நல்லது. 400 மில்லிமீட்டர் லென்ஸ் போதும், 300 இருந்தாலும் காரிலிருந்து சமாளிக்கலாம். லென்ஸின் ஒளித்துளை (அபெர்ச்சர்) எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை.

சுத்தியல் வடிவத்தை எடுக்காமல் யாரும் திரும்பப் போவதில்லை என்பதால் அதையும் ஒழுங்காக எடுப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பறவை முழுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். சிறிது திரும்பியிருந்தாலும் கொண்டை குறுகிவிடும். பின்னணியில் நாணல் கோடுகள் இருந்தால் கொண்டையின் விளிம்பு அவற்றில் கரைந்துபோகும், ஆகவே வெறும் நீரோ தொலைவுக் கரையோ பின்னால் வருமாறு இரண்டடி இப்படியோ அப்படியோ நகருங்கள். விடியலில் கிழக்கு நோக்கி, வானத்தை அளந்து, பறவையை முழு நிழலுருவாக விட்டுவிடுவதும் ஒரு வழி. நிறம் நமக்குச் செய்யும் தொல்லை முழுவதும் அங்கே நன்மையாக மாறிவிடுகிறது. கொண்டை விசிறி போல் எழும்பும் நேரங்களும் உண்டு. அப்போது சுத்தியல் மறைந்துவிடும், பலர் அந்தப் படங்களை அழித்தும் விடுகிறார்கள். நான் அவற்றைத்தான் முதலில் சேமிப்பேன்.

ஏனெனில் கொண்டை எழும்பினால் கூட்டாட்டம் தொடங்கப்போகிறது என்று பொருள் கொள்ளலாம். எட்டு பத்து பறவைகள் சில நேரங்களில் ஓரிடத்தில் கூடி, ஒன்றையொன்று சுற்றி ஓடி, இறக்கையைச் சிறகடித்து, ‘யிப் யிப்’ என்று தொடங்கிப் ‘புர்ர்’ என்று இழுக்கும் ஒலியோடு பெரும் ஆரவாரம் செய்யும். ஒன்றன் முதுகில் இன்னொன்று ஏறி நிற்கும். அது பெரும்பாலும் இணைசேர்தல் அல்ல, வெறும் பாவனை. தனிமையில் ஊமையாகத் திரிந்த பறவையா இது என்று வியக்க வைக்கும் காட்சி. ஒரு பறவையைத் தேர்ந்து நெருக்கி எடுக்க முயன்றால் எல்லாமே தவறிப்போகும். லென்ஸைப் பின்னிழுத்து, முழுக் கூட்டமும் அடங்குமாறு வைத்து, 1/1000 நொடியில் தொடர் படங்களாக எடுத்துவிட்டு வீட்டில் பொறுக்கிக்கொள்ளுங்கள். பறக்கும் படத்திற்கு 1/1600 போதும். அகன்ற இறக்கையை மெதுவாக அடித்து, இடையிடையே மிதந்து செல்வதால் பறக்கும் பறவையை எடுக்கப் பழகுவோருக்கு இதைவிடக் கருணையுள்ள ஆசான் கிடைப்பது அரிது. கால் கலக்கும் காட்சிக்கு மட்டும் ஷட்டரை 1/60 வரை இறக்கிப் பாருங்கள்: தலை அசையாமல் தெளிவாக நிற்க, நீர் மட்டும் நடுங்கிக் குழையும்.

அடுத்து கூடு. தூக்கணாங்குருவியின் கூட்டைக் கைவேலையின் உச்சம் என்று சொல்லி வளர்ந்த நாம், இதைப் பார்த்தால் கட்டடப் பொறியியல் என்று சொல்ல வேண்டியிருக்கும். அரைக் கிலோ எடையில்லாத இரண்டு பறவைகள் ஆயிரக்கணக்கான குச்சிகளைக் கொண்டு, ஒன்றரை மீட்டர் அகலத்திற்கு, கூரையிட்ட ஒரு குடிலைப் பெரும்பாலும் நீருக்கு மேல் சாய்ந்த மரக்கவையில் கட்டுகின்றன. மேலே ஒரு மனிதன் ஏறி நின்றாலும் தாங்கும். வாசல் கீழ்ப்புறத்தில் இருக்கும். அங்கிருந்து சேறு பூசிய குறுகிய சுரங்கம் உள்ளறைக்குச் செல்லும். கட்டி முடிக்க இரண்டரை மாதம் முதல் மூன்று மாதத்திற்கு மேலும் ஆகலாம். அத்தனையும் செய்துவிட்டு ஒரே ஆண்டில் மூன்று நான்கு கூடுகள் கூடக் கட்டும், பலவற்றில் முட்டையே இடாது. கூரையின் மேல் எலும்பு, பிளாஸ்டிக், கந்தல் என்று கண்டதையெல்லாம் செருகி வைக்கும் பழக்கமும் உண்டு. ஆற்றங்கரைப் பூசைகளுக்குப் பின் விட்டுச்சென்ற மஞ்சள் துணிக் கிழிசல் ஒன்றை ஒரு கூட்டின் உச்சியில் பார்த்தபோது, இந்த மண்ணில் நூற்றறுபது ஆண்டுகளாக நாம் வாழ்ந்து வருவதை இப்பறவையும் கவனித்திருக்கிறது என்று தோன்றியது.

கட்டுமானத்தைப் படமாக்க ஒரே நாளில் நூறு படம் எடுப்பதை விட, வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே லென்ஸில், ஒரே உயரத்திலிருந்து ஒரு படம் எடுப்பது மேல். முதலில் தட்டு, பிறகு சுவர், பிறகு கூரை என்று பன்னிரண்டு படங்களில் கதை விரியும். இதற்குச் செல்பேசியே போதும். அருகிலிருந்து எடுக்க ஆசைப்படாதீர்கள். ஒரு ஆகஸ்ட் மாதம் நான் மரத்தின் அடிவரை சென்று நின்றேன். குச்சியை அலகில் கவ்வி வந்த பறவை கூட்டுக்கு வராமல் எதிர்க்கரை மரத்தில் அமர்ந்து நாற்பது நிமிடம் அந்தக் குச்சியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து 50 மீட்டர் என்பது என் எல்லை. பறவை சுமையோடு வட்டமிட்டாலோ வேறு மரத்தில் தயங்கி நின்றாலோ அந்த எல்லையும் போதவில்லை என்று அறிந்து பின்வாங்குங்கள். பிளாஷ், பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுதல், மறைக்கும் கிளையை ஒடித்தல், ட்ரோன் ஆகிய நான்கும் வேண்டவே வேண்டாம்.

கூடு யாருடைய வீட்டுக்கு அருகில் இருக்கிறதோ அவர்களிடம் முதலில் பேசிவிடுங்கள். இப்பறவையை மின்னலோடு தொடர்புபடுத்தும் நம்பிக்கை தென்னாப்பிரிக்க மக்களிடையே பழையது. கூட்டைக் கலைத்தால் இடி விழும் என்றும், வீட்டின் மேல் கத்திக்கொண்டு பறந்தால் கெட்ட செய்தி வரும் என்றும் சொல்பவர்கள் உண்டு. பல்லி சொல்லுக்கும் ஆந்தை அலறலுக்கும் பொருள் சொல்லி வளர்ந்த நமக்கு இதில் சிரிப்பதற்கு எதுவுமில்லை. அந்த அச்சம்தான் எத்தனையோ கூடுகளை இதுவரை கோடரியிலிருந்து காத்திருக்கிறது. பெரியவர் ஒருவரிடம் ‘உதெக்வானே’ என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எந்த மரம், எத்தனை ஆண்டாக, எப்போது வரும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லாத விவரங்கள் கிடைக்கும்.

பார்த்த நாள், நேரம், நீரின் நிலை, உண்ட இரை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். 2007இல் தொடங்கிய இரண்டாவது தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்திற்கு பேர்ட்லாசர் செயலி வழியாக உங்கள் பதிவை அனுப்பலாம். ஹாமர்கோப் அரிதான பறவை அல்ல என்றாலும், சாதாரணப் பறவைகளின் வரவு செலவும் தெரிந்தால்தான் நீர்நிலைகளின் நிலைமை தெரியும். கூட்டின் சரியான இடத்தை மட்டும் பொதுவில் வெளியிடாமல் இருங்கள்.

குஞ்சுகள் பறந்து, கட்டியவை கைவிட்டுப் போன பிறகும் கூட்டுப் பக்கம் போவதை நிறுத்த வேண்டாம். அந்தக் குடிலுக்கு வாடகைக்கு ஆள் வராத காலமே இல்லை: எகிப்திய வாத்து கூரையில் முட்டையிடும், உடும்பு வெயில் காயும், தேனீ குடியேறும், பாம்பும் மரநாயை ஒத்த ஜெனெட்டும் பகலில் உறங்கும். வெர்ரோ கழுகு ஆந்தைக்குக் கூரையின் மேல்தளம் மிகவும் பிடித்தமானது. அந்தி சாயும் நேரத்தில், கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, 50 மீட்டருக்கு அப்பால் காரிலேயே அமைதியாக உட்கார்ந்திருங்கள். குச்சிக் குவியலின் மேல் அந்த ஆந்தையின் இளஞ்சிவப்பு இமை ஒன்று மெதுவாக மூடித் திறந்தால், நீங்கள் வந்த வேலை அடுத்த பறவைக்கு மாறிவிட்டது.